கட்டைவிரல் அளவு களிமண்

மனசு அழகாக இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் மூக்கு நன்றாக இருக்கிறது. இதை நான் வெகு நாளாகக் கவனித்து வருகிறேன். மூக்கும் மோவாயும் ஒழுங்காக அமைந்தவர்கள்தான் உள்ளழகைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். வயிறு நிறைந்தவர் பசியைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான். நானும் எதிரே உட்கார்ந்து, நேர்முகமாக, தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

நேர்முகமாக என்பது முக்கியம். என்னை நேரே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் பெரிது, நெற்றி அளவானது, சிரித்தால் ஒரு கன்னத்தில் குழி விழும். வம்பெல்லாம் பக்கவாட்டில்தான். மூக்கு நடுவில் ஒரு மேடு ஏறி, நுனியில் வளைந்து கீழே இறங்கும். அதற்குக் கீழே உதடு. உதட்டுக்குக் கீழே மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் நேராகக் கழுத்து ஆரம்பித்துவிடும். பட்டறையில் எனக்குக் கிளி என்று பெயர். வைத்தவர் வர்ணக்காரர். நல்ல மனுஷர்தான், அவருக்கு மோவாயும் நன்றாக இருக்கும்.

துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உடுத்திக்கொண்டு நிற்கும் பொம்மைகளைச் செய்வது எங்கள் பட்டறை. உடம்பு செய்ய வேறு ஆட்கள் உண்டு. தலை என் வேலை. களிமண்ணில் முகத்தை நான் பிடித்துக் கொடுப்பேன். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சில் ஃபைபர் வார்த்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு வர்ணக்காரரிடம் போகும். அவர் புருவமும் கண்ணும் உதடும் எழுதி அனுப்புவார்.

முகம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, இந்தப் பக்கம் விளக்கைப் போட்டு, துணியில் விழும் நிழலைப் பார்ப்போம். கண் ஏமாற்றும், சாயம் ஏமாற்றும், நிழல் ஏமாற்றாது. மூக்கு, உதடு, மோவாய் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். அந்த விளக்கை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தவள் நான்தான். என் நிழல் எக்காரணம் கொண்டும் அந்தத் துணியில் விழாத மூலையாகப் பார்த்து மாட்டினேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். என் கணவர் கடைக்குக் கேமரா மாட்டினாரே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மூக்கு இரண்டு வகை. கண்ணாடி நிற்கும் மூக்கு, கண்ணாடி வழுக்கும் மூக்கு. என்னுடையது முதல் ரகம் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. கேமரா மாட்டிய அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு புதுத் திரை. அதில் ஒரு பெண் எதையோ பார்த்தபடி பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, இந்த முகத்துக்கு எந்த ஃப்ரேம் மாட்டினாலும் எடுபடாதே என்று நினைத்தேன். அரத்தை எடுத்து எங்கே வைக்கலாம் என்றுகூட என் தொழில் புத்தி கணக்குப் போட்டது. நினைத்துக்கொண்டே காதோரம் முடியை ஒதுக்கினேன். திரையில் அவளும் ஒதுக்கினாள்.

என்னைப் பார்த்து நானே பாவப்பட்டிருக்கிறேன். அந்த ஆத்திரம் எனக்கு வீடு வந்தும் அடங்கவில்லை.

"எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரிதான்" என்றார் கணவர்.

"உங்களுக்குச் சரிதாங்க. எனக்கு?" என்றேன். பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த மனுஷர், அதனால்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

முக அறுவை செய்கிற டாக்டர் ஒரு பெண். குள்ளமானவர், பேச்சில் அவசரம் இல்லாதவர். முதலில் நேராக ஒரு படம் எடுத்தார். அப்புறம், "திரும்புங்க" என்றார். கழுத்தைத் திருப்புவது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரும்பினேன். பிறகு, நான் வரைந்து கொண்டுபோயிருந்த என் பக்கமுகப் படத்தை மேசையில் வைத்தேன். வெட்டி எடுக்க வேண்டிய பகுதியைச் சிவப்பில் தீட்டியிருந்தேன்.

"இவ்வளவையும் எடுத்துடணும் டாக்டர். மேடு, நுனி, எல்லாம்."

அவர் படத்தை நன்றாகப் பார்த்தார். "நல்லா வரையுறீங்க. ஆனா இவ்வளவு எடுத்தா மூச்சு விட முடியாது. பார்க்கவும் நல்லா இருக்காது." என் பக்கமுகத்தைத் திரையில் பெரிதாகக் கொண்டுவந்து, மூக்கின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தார். "இப்ப கீழ பாருங்க."

பார்த்தேன். மூக்கே இல்லாத படத்திலும் அந்த முகம் சரியாக இல்லை.

"உங்க மூக்கு கொஞ்சம் பெரிசுதான். இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க நினைக்கிற அளவு பெரிசு இல்ல. மோவாய் உள்ள போயிருக்கறதால மூக்கு ரெண்டு மடங்கா தெரியுது. மூக்குல கொஞ்சம் குறைக்கணும், மோவாயக் கொஞ்சம் முன்னால கொண்டுவரணும். ரெண்டையும் ஒரே மயக்கத்துல, ஒண்ணா செய்யணும். ஒண்ண மட்டும் செஞ்சா அது பாதி வேலைதான்."

"ஒட்டு வேலை நிக்காது டாக்டர்" என்றேன்.

இது எங்கள் பட்டறையின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொல்லிக்கொடுத்தது இதைத்தான். காய்ந்த பொம்மையில் குறைக்கலாம், கூட்டக் கூடாது. பட்டி என்கிற பூச்சை வைத்துக் கூட்டினால் கடை விளக்குச் சூட்டில் விரிசல் விட்டுக் கழன்றுவிடும். ஒரு பெரிய கடையின் திறப்பு நாளில் இப்படிப் பட்டி வைத்த மோவாய் ஒன்று வந்திருந்த கூட்டத்தின் நடுவில் பொத்தென்று விழுந்து, யாரோ ஒருவர் அதை மிட்டாய் என்று நினைத்துக் கையில் எடுத்தாராம். அதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கை அரத்துக்குத்தான் போகும். முகத்தில் எது சரியில்லை என்றாலும் எதை ராவலாம் என்றுதான் மூளை தேடும். இதையெல்லாம் டாக்டருக்கு விலாவாரியாக எடுத்துச் சொன்னேன்.

அவர் சிரிக்காமல் கேட்டார். "நான் எதையும் ஒட்டப் போறதில்ல. உங்க மோவாய் எலும்பையே குறுக்க வெட்டி, முன்னால நகர்த்தி, சின்னத் தகடு வச்சு முடுக்கிடுவேன். உங்க எலும்புதான். அதுவே கூடிடும். சில பேருக்கு சிலிகான் வைப்போம், உங்களுக்கு அது வேணாம்." பிறகு ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார். கீழுதடு கொஞ்ச காலம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். வீக்கம் மெதுவாகத்தான் வடியும். "யோசிச்சிட்டு வாங்க. இதுல அவசரமே இல்ல."

நான் விறைப்பாகத்தான் வெளியே வந்தேன். மூக்கை வெட்டச் சொன்னால் மோவாயைப் பற்றிப் பேசுகிறாரே என்று இருந்தது. ஆனால் அந்த உள்ளங்கை மறைத்த படம் கண்ணை விட்டுப் போகவில்லை. நாமே செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணே, என் மூஞ்சிக்கு ஒரு அச்சு எடுங்க" என்று வர்ணக்காரரிடம் கேட்டேன்.

"எதுக்கு கிளி, விக்கிறதுக்கா?"

"வெட்டுறதுக்கு."

அவர் பிளாஸ்டரைக் கரைக்க ஆரம்பித்தார். முகத்தில் வாசலைன் பூசி, மூக்கில் இரண்டு குழாய் செருகி, பிளாஸ்டரை அப்பினார். காய்ந்து கழற்றும்போது பாதிப் புருவம் அதோடு போயிற்று. அந்த அச்சில் மூன்று முகம் வார்த்து, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னறை மேசையில் வரிசையாக வைத்தேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலைக் கேட்பதற்கென்றே போன் பண்ணுகிறவர்கள் இருந்தார்களாம். வீட்டில் இருக்கும் எல்லாப் படத்திலும் அம்மா நேரே பார்த்தபடி, மோவாயில் ஒரு கையை வைத்துக்கொண்டிருப்பாள். ரொம்ப யோசிக்கிறவள் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன்.

அம்மா டீ கொண்டுவந்தவள், மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என் மூஞ்சிய எப்படி எடுத்த?"

"உன்னோடது இல்லம்மா. என்னோடது."

அவள் டீயை வைத்துவிட்டு, ஒரு முகத்தைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டரில் கண்ணும் இல்லை, நிறமும் இல்லை, வயசும் இல்லை. அந்த மூக்கும் அந்த இல்லாத மோவாயும் மட்டும்தான். அவள் சொன்னது தப்பில்லை. அது அவள் முகமேதான். பக்கத்தில் கிடந்த சிவப்புத் தீட்டிய படத்தையும் அவள் பார்த்துவிட்டாள். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் மூஞ்சியத்தான் வெட்டப் போற."

"உன்னைச் சொல்லலம்மா. எனக்கு..."

"ரெண்டும் ஒண்ணுதான். இப்பப் பார்த்தேன்ல. நான் குடுத்தது உனக்கு அசிங்கமா இருக்குன்னா நேரா சொல்லிடு." குரல் உயரவே இல்லை. ஆபரேட்டர் குரல், கடைசிவரை ஒரே சீர். "செஞ்சுக்கோ. உன் இஷ்டம். அப்புறம் அம்மான்னு என் முன்னால வந்து நிக்காத."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆயுசு முழுக்கப் பேசியே சம்பாதித்தவள் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "மாப்பிள்ளை, உள்ள இருக்கறவங்கள சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள், நான் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். அவரும் திரும்பி, "உள்ள இருக்கறவங்க சாப்பிட வரணுமாம்" என்பார். சிரிப்பு வராது.

அந்தக் கோபத்தோடுதான் அரத்தை எடுத்தேன். முதல் முகத்தில் மேட்டை ராவினேன். போதவில்லை. நுனியை ராவினேன். அப்போதும் மூக்கு பெரிதாகத்தான் தெரிந்தது. இன்னும், இன்னும் என்று ராவிக்கொண்டே போனதில் மூக்கு மொட்டையாகி, எலி மூஞ்சி மாதிரி ஒன்று என்னை முறைத்தது. ஆனால் அந்த மொட்டை மூக்கும்கூட முகத்துக்குப் பெரிதாகத்தான் இருந்தது. அரத்தை வீசி எறிந்தேன். இத்தனை வருடமாகத் தலை செய்கிறவளுக்குத் தன் தலை பிடிபடவில்லை என்றால் எப்படி இருக்கும்.

இரண்டாவது முகத்தை எடுத்தேன். சட்டமாவது மண்ணாவது என்று கட்டைவிரல் அளவு களிமண்ணை உருட்டி, மோவாயில் வைத்து அமுக்கினேன். மூக்கைத் தொடவே இல்லை. திரும்பிப் பார்த்தால் மூக்கு பாதியாகியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் மூக்கில் கை வைக்கவில்லை. மறுபடி களிமண்ணை எடுத்தேன், மூக்கு பெரிதாயிற்று. வைத்தேன், அடங்கிற்று. எடுத்தேன், வைத்தேன். பைத்தியம் மாதிரி இதையே செய்துகொண்டிருந்தேன். பிறகு மேட்டில் மட்டும் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்து, மேசை விளக்கைப் போட்டுச் சுவரில் நிழலைப் பார்த்தேன். மூக்கும் உதடும் மோவாயும் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்ட மாதிரி இறங்கின. பொம்மை முகம் இல்லை. மூக்குக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. என் முகம்தான், ஆனால் முடிக்கப்பட்ட என் முகம். டாக்டர் சொன்னதை அப்படியே என் கை எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டது. அவரிடம் நான் அடித்த ஒட்டுவேலைப் பிரசங்கத்தை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

எனக்கு அந்த மோவாய் வேண்டும். அம்மாவும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று அம்மா சொல்லிவிட்டாள். மோவாயை விட்டுக்கொடுத்துவிட்டு அம்மாவோடு இருக்கலாம், எல்லோரும் மெச்சுவார்கள். ஆனால் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன்னால்தானே என்று எனக்குத் தோன்றும். அது எங்கள் இருவருக்குமே நல்லதில்லை. அவள் அறை வாசலில் நின்று, "செஞ்சுக்கப் போறேம்மா" என்று சொன்னேன். அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கணவர் வந்தார். அம்மா கதவு வரைக்கும்கூட வரவில்லை. மயக்க ஊசிக்கு முன்னால் டாக்டர் என் முகத்தில் பேனாவால் கோடு போட்டார். நான் களிமண்ணில் போடுகிற அதே கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது.

கண் விழித்தபோது முகம் முகமாக இல்லை. மூக்கின் மேல் கெட்டியான மூடி, மோவாயைச் சுற்றி இழுத்து ஒட்டிய பட்டை, உள்ளே உதட்டுக்குப் பின்னால் தையல். கண்ணுக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. தண்ணீர் குடித்தால் பாதி வெளியே வழிந்தது, வழிந்தது தெரியவும் இல்லை, கீழுதடு அப்படி மரத்துக் கிடந்தது. "கொஞ்ச நாளைக்கு உன் மூக்குல கண்ணாடி மாட்டக் கூடாதாம்" என்றார் கணவர், ஏதோ துக்கச் செய்தி மாதிரி.

வீட்டுக்கு வந்தோம். அம்மா என் அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் வேளா வேளைக்குக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில், நன்றாக வடிகட்டிய சூப்பு இருக்கும். அதிகச் சூடு இல்லாமல், ஆறிப்போகாமலும். பக்கத்தில் மடித்த துண்டு ஒன்று, வாயிலிருந்து வழிந்தால் துடைத்துக்கொள்ள. தண்ணீர் வழிகிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு இது போதுமான்னு கேளுங்க மாப்பிள்ளை" என்ற குரல் மட்டும் நடையில் கேட்கும். அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

மூடியைக் கழற்றிய நாளில் டாக்டர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, சுவர்க் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நிற்க வைத்தார். கைக்கண்ணாடியில் சுவர்க் கண்ணாடி தெரிந்தது, அதில் நான் தெரிந்தேன். வீக்கம் இருந்தது, கன்றல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, ஆனால் கோடு வந்துவிட்டது. நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கில் ஏறி, உதட்டில் தங்கி, மோவாயில் வந்து முடிந்தது. முடிந்தது என்பதுதான் விஷயம். என் முகம் அதுவரை முடிந்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அழுகையையும் அளவாக வைத்துக்கொண்டேன்.

வீக்கம் வடிந்து பட்டறைக்குப் போன முதல் நாள், விளக்கு மூலைக்கு நேரே போனேன். யாரோ ஒரு குழந்தைப் பொம்மையின் தலையை வைத்து நிழல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் விளக்குக்கும் நடுவில் நடந்து போய், பாதியில் நின்றேன். துணி முழுக்க என் பக்கமுகம் விழுந்தது.

"யாரு அது, புது அச்சா?" என்று கேட்டுக்கொண்டே வர்ணக்காரர் தூரிகையோடு எட்டிப் பார்த்தார். நிழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். "அடேயப்பா. இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?"

"கிளின்னே கூப்பிடுங்கண்ணே. பேரு பழகிப்போச்சு."

அன்றைக்கே விளக்கை வேறு இடத்தில் மாற்றி மாட்டினேன், போகிற வருகிறவர்கள் நிழலெல்லாம் விழுகிற இடத்தில். சாயங்காலம் கணவர் கடைக்குப் போய்க் கேமராவுக்குப் பக்கவாட்டில் நின்று, வேண்டுமென்றே நாலைந்து ஃப்ரேமைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். திரையில் இருந்த பெண்ணைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. எடுத்த எல்லா ஃப்ரேமும் எடுபடும் போலிருந்தது. "வாங்கப் போறீங்களா, பார்க்கத்தானா?" என்றார் கணவர். "பார்க்கத்தான்" என்றேன்.

எல்லாம் கூடிவந்தது, அம்மா மட்டும் வரவில்லை. சாப்பாடு அறைக்கு வெளியிலிருந்து மேசைக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். என்னை நேரே பார்ப்பாள். நான் திரும்பினால் அவள் கண்ணும் வேறு பக்கம் திரும்பிவிடும். என் பக்கமுகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் பிசைந்த மாவு பாத்திரத்தில் கிடந்தது, அம்மா இல்லை. கைகழுவும் இடத்தில் குழாய்க்கு மேலே உள்ள கண்ணாடியின் முன் நின்றுகொண்டிருந்தாள். நேராக இல்லை, பக்கவாட்டில். என் மேசையில் இருந்த கைக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்திருந்தாள். அவள் மோவாயில், கட்டைவிரல் அளவுக்கு, மாவு.

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். மாவை விரலால் ஒரு ஓரம் நீவிவிட்டாள். கன்னத்தை உள்ளிழுத்து, தலையை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த அம்மாவிடம் நான் பார்த்தே இராத ஒரு பார்வை பார்த்தாள். அப்போது மாவு மெதுவாக நழுவி, தொட்டியில் விழுந்தது.

"அது நிக்காதும்மா" என்றேன். "எலும்பத்தான் நகர்த்தணும்."

அவள் திடுக்கிடவில்லை. குழாயைத் திறந்து மாவை அலம்பிவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"என்னை அந்தக் கம்பெனியில முதல்ல எதுக்கு எடுத்தாங்க தெரியுமா?" என்றாள். "முன் மேசைக்கு. வர்றவங்கள உட்கார வச்சுப் பேசற வேலை. ஒரு வாரம் உட்கார்ந்தேன். அப்புறம் மேனேஜர் கூப்பிட்டு, உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு, உள்ள போன் அறையில இருந்தா எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்னார். குரல் நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா. ஜன்னல் இல்லாத அறை. ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கதான்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அதில் மாவு ஒட்டியிருந்தது.

"நான் இதோடயே வாழ்ந்து முடிச்சிட்டேன். இது விதி, மாத்த முடியாதுன்னு நினைச்சேன். நீ போய் மாத்திக்கிட்டு வந்து நின்னா, அப்ப நான் சும்மாதான் கஷ்டப்பட்டேனா? எனக்கு உன் மேல கோவம் இல்லடி. பொறாமை." சொல்லிவிட்டு அவளே அந்த வார்த்தையைக் கேட்டு அசந்துபோனாள். பிறகு என் மோவாயைத் தொட்டாள். விரலால் எலும்பை அழுத்திப் பார்த்தாள், பழம் பார்த்து வாங்குகிற மாதிரி. "கெட்டியாதான் இருக்கு. வலிச்சுதா?"

"வலிச்சுதும்மா. மரத்தும் போச்சு. இப்பத்தான் உதட்டுல உணர்வு வருது."

"இந்த வயசுல செய்வாங்களா?"

"கேக்கலாம்."

"யாராவது சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்களுக்கு மூக்கு நல்லா இருக்கும்" என்றேன். அம்மா சிரித்தாள். எனக்கு இருக்கிற அதே கன்னக்குழி.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம், இதயம், எலும்பு என்று எல்லாம் பார்த்துவிட்டு, செய்யலாம், ஆனால் ஆற உங்கள் மகளுக்கு ஆனதைவிட நாளாகும் என்று அவர் நேராகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். வழியெல்லாம் மோவாயிலேயே இருந்த கை, இப்போதும் அங்கேயே இருந்தது.

"முதல்ல நேரா ஒரு படம் எடுத்துடலாம்" என்று டாக்டர் கேமராவை எடுத்தார்.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்தாள். யாரும் திரும்பச் சொல்லவில்லை. தானாகவே நாற்காலியில் முழுதாகத் திரும்பி, பக்கவாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரு படத்திலும் இல்லாத அம்மா.

"முதல்ல இதை எடுங்க டாக்டர். மோவாய் மட்டும்தான் செய்யணும். மூக்கைத் தொடக் கூடாது, அது எங்க அப்பாவோடது."

"தொட மாட்டேன். மோவாய் வந்தா மூக்கு தானா அடங்கிடும்" என்ற டாக்டர், கேமராவைச் சரி செய்தபடியே, "உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா. "படத்த எடுங்க."